பதினோராம் கட்டம்

ராஜகால்வாய் என்று பேர்.
ஈஜிபுரா பாலத்தடியில் அளவுகோலை ஊன்றினால்
நீர் ஒரு சாண்,
சேறு முழங்கால்.

மறுகரையில் டேப்பின் நுனியோடு ருத்ரேஷ்
"ஒம்பத்து..." என்று கத்துகிறான்.
மிச்சத்தைப் பேருந்து ஹாரன் தின்றுவிட்டது.
திரும்பக் கேட்கிறேன். திரும்பவும் ஹாரன்.

படிவத்தின் பதினோராம் கட்டம்: கண்ட உயிரினங்கள்.
மடையான், ஒன்று.
யாரோ எறிந்த சோபாவின் மேல்
வீட்டுக்காரன் மாதிரி நிற்கிறது.
சிவப்புப் புழு, எண்ணி மாளவில்லை.
இவ்வளவு இருந்தால்
தண்ணீருக்கு மூச்சில்லை என்று பொருள்.
மீன்: ஒரு துள்ளல்.
பார்த்தேனா, நினைத்துக்கொண்டேனா?

"வீட்டை இடிக்கவா அளக்குறீங்க?"
கரையோர வாசலிலிருந்து பிலோமினா.
வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று பார்க்க, என்கிறேன்.
"அதுக்கு ஏன் வாய்க்கால்ல நிக்கிறீங்க?
உள்ள வாங்க."

சுவரில் மகன் வளர்ந்த பென்சில் கோடுகள்.
கடைசிக் கோட்டுக்கு நாலு விரல் மேலே
பழுப்பாக, சுவர் நெடுக, இன்னொன்று.
"அவன் இன்னும் இதை எட்டல."

டேப்பை வைத்தேன்.
நூற்று முப்பத்தொன்று.
படிவம் சேற்றுப் பையில் இருந்தது;
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

வெளியே வந்தால் சோபா காலி.
மடையான், ஒன்று.
அடிக்கவில்லை.