வெட்டுத்துணி

பதினொரு தோடை வைத்தோம்.
சித்திரை முடிய ஏழு.
காண்டாவனம் பிறந்த அன்று
ஏழும் இலையைக் குழல்போலச் சுருட்டி
உள்ளே எதையோ ஒளித்துக்கொண்டு நின்றன.

நான் விடிய நாலே முக்காலுக்கு
ஜெயபுரம் சந்தியில் கொம்பனி பஸ் பிடிக்கிற ஆள்.
போக முன்னர் மரத்துக்கொரு வாளி,
அடியில், அவசரமாக,
பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முகம் கழுவிவிடுகிற மாதிரி.
தண்ணீர் நின்று மினுங்கும். பிறகு இராது.
குடித்துவிட்டது என்று நினைத்துத்தான்
இரண்டு வருசம் பஸ் ஏறினேன்.

ஒரு போயா லீவில் இவர் அலவாங்கு போட்டார்.
அரைச் சாண் இளகியது.
அதற்குக் கீழே
ணங்.
கல்லில்லை, மண்தான்.
டோசரும் செயின் வாகனமும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி
சீமெந்தாய் இறுக்கிய மண்.

பட்டுப்போன ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்.
அந்தத் தளத்தை முட்டிய வேர்
இறங்க இடமில்லாமல் திரும்பி
தன்னையே சுற்றிச் சுற்றி நடந்திருந்தது.
எங்கே அப்படி நடந்தோம் என்று
இவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

"இன்னும் ஆழமாய்க் கிண்டினால்?"
வெடி எடுத்த ஆக்கள் தந்த கடதாசியைத்
தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார்.
எத்தனை சென்ரிமீற்றர் வரை பார்த்தோம் என்று
அதில் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்கள்.
அலவாங்கு போன ஆழத்தை விரலால் அளந்தார்.
பிறகு அதைக் கொண்டுபோய்ச்
சுவரோடு சாத்திவிட்டார்.

கீழே போக முடியாதென்றால்
மேலேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

காவோலை, கிளிசரிடியாக் குழை, வைக்கோல்,
கோணேசலிங்கம் பட்டியில் வாங்கிய ஆறின எரு.
அடிமரத்தை ஒரு கை அகலம் விட்டு
கிளை நிழல் முடிகிற இடம் வரைக்கும்
முழங்கால் உயரம்.
"கறையானுக்கு விருந்து வைக்கிறியள்" என்று
வேலிக்கு அங்காலிருந்து சிரித்தார் அவர்.

தண்ணீருக்கு நான் ஒன்று கண்டுபிடித்தேன்.
லயினில் வெட்டுத்துணி மலைபோலக் குவியும்,
சுத்தப் பருத்தி, கடல்நீலம்.
கேற்றில் பையைக் கொட்டிப் பார்த்த காவல்காரி
"இதென்னத்துக்கு?" என்றாள்.
"தோடைக்கு" என்றேன்.
ஒருமாதிரிப் பார்த்துவிட்டு விட்டாள்.
பழைய எண்ணெய்க் கான்களில் துளைபோட்டுத்
துணியைத் திரியாய் முறுக்கிச் செருகி
நிழலின் விளிம்பில் அரைவாசி புதைத்தோம்,
மரத்துக்கு மூன்று.
நாலு நாளுக்கொருக்கால், பின்னேரம் நிரப்பினால் போதும்.
திரி தன்பாட்டில் கசியும்.
அவசரம் எனக்குத்தான், அதற்கில்லை.

கறையான் வந்தது.
கோணேசலிங்கம் சொன்னது சரி.
காவோலையைத் தின்றது, வைக்கோலைத் தின்றது,
தோடையைத் தொடவில்லை.
பிறகு கீழே போனது,
கடதாசி விடாத ஆழத்துக்கு,
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்.

மாரி கழிந்து
சைக்கிள் கம்பியொன்றை மண்ணில் குத்தினேன்.
ஒரு சாண். ஒன்றரை.
பிறகும் போனது. பயந்து நான்தான் நிறுத்தினேன்.

மூன்றாம் தோடை எப்படியும் செத்தது.
ஏனென்று தெரியாது.
மற்ற ஆறிலும் இலை விரிந்து கிடக்கிறது.

திரி மாற்றக் கானைத் தூக்கினால்
நீலத்தை மண் தின்று முடித்திருந்தது.
கழித்த சட்டையொன்றின் லேபிள் மட்டும் மிச்சம்,
வெள்ளையாய், எழுத்து அழியாமல்.
ஒரு சதுரம், அதன் மூலையில் இரண்டு கோடு.
நாளுக்கு எண்ணூறு தைக்கிறேன், எனக்குத் தெரியும்:
நிழலில் காயவிடவும்.

கிளையில் கட்டிவிட்டேன்.