சீனி வந்தால்

மருதானைப் பழைய புத்தகக் கடையில்
முந்நூறு ரூபாய் சொன்னான்.
அட்டை இல்லையே என்றேன்.
சமையல் புத்தகத்துக்கு அட்டை எதற்கு மிஸ்,
பசிக்கிற ஆள் உள்ளேதானே பார்க்கும் என்றான்.
பேரம் பேசாமல் கொடுத்தேன்.

சித்திரை.
வெள்ளவத்தையில் கடல் இருக்கிறது, காற்று இல்லை.
நாலாம் மாடிக் குழாயைத் திறந்தால்
தேத்தண்ணிக்குப் பாதி கொதித்த நீர் வருகிறது.
மாத்தறை ரயில்கூட
வெயிலை இழுத்துக்கொண்டுதான் போகிறது.
அடுப்பின் முகத்தில் விழிக்க மனமில்லை.
ஆகவே, வாசிக்கிறேன்.

இந்த நாட்களில் என் சமையல் இவ்வளவுதான்:
மோருக்குள் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய்,
கையால் கிழித்த கறிவேப்பிலை.
வெள்ளரிக்காய்க்கு உப்பு.
மாங்காய்க்கு உப்பும் தூளும்,
மாங்காய் கேட்டால் கொஞ்சம் சீனியும்.

புத்தகம் வேறு ஊர்.
அங்கே எல்லாம் இறாத்தல் கணக்கு.
'பொன்னிறமாகும் வரை' என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் நின்றேன்.
இவ்வளவு பொறுமையாக
யாரும் எனக்குக் கட்டளை இட்டதில்லை.

முதல் பக்கத்தில் நீல மை:
திருமதி அ. மங்களேஸ்வரி,
கொட்டாஞ்சேனை, மாசி 1973.
மற்றதெல்லாம் பென்சில்.

பட்டர் கேக்.
பட்டர் ஒரு இறாத்தல், சீனி ஒரு இறாத்தல், முட்டை பன்னிரண்டு.
ஓரத்தில்: சீனி வந்தால்.

லவ் கேக்.
ஓரத்தில்: கஜுவாம்!

றோல்ஸ்.
மா இல்லை. மரவள்ளியில் செய்து பார்த்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அதற்குக் கீழே, வேறொரு நாள்,
கூராகச் சீவிய பென்சிலால்:
ஒன்றும் சொல்லாததுதான் பிரச்சினை.

தனியே இருந்து சிரித்தேன்.
பாண் வாங்கக் கியூவில் நின்றுவிட்டு வந்து
இரவில் இதை விரித்து
கேக் கேக்காக வாசித்திருக்கிறாள், மனுசி.

மூன்றரைக்குக் கறண்ட் போனது.
மின்விசிறி யோசித்து யோசித்து நின்றது.
ஃபிரிட்ஜுக்குள், மீன் டப்பாவுக்குப் பின்னால்,
துபாயிலிருந்து றிஸ்மியா கொண்டுவந்த சொக்லேட்.
நாளுக்கு ஒரு துண்டு என்று
எனக்கு நானே போட்ட கூப்பன்.
ஐந்து மணிக்குப் பார்த்தபோது
தாளோடு வளைந்தது.
தொட்டேன், விரல் உள்ளே இறங்கியது.

அந்த நேரம் பார்த்து
கீழே சூன் பாண் ஓட்டோ,
அதே தேய்ந்த மெட்டு.
லிஃப்ட் ஓடாது. நாலு மாடியும் செருப்பில்லாமல் இறங்கி,
சில்லறையை எண்ணாமல் நீட்டி,
ஒரு றோஸ் பாணோடு மூச்சிரைக்க ஏறினேன்.

வெட்டவில்லை. பிய்த்தேன்.
மேலே மொறுமொறுப்பு, உள்ளே இன்னும் சூடு,
தாளிலிருந்து வழித்து வழித்து
வாய்க்கும் கைக்கும் நடுவே ஒழுகவிட்டு.
நகக்கண்ணில் மாங்காய்த் தூள் மிச்சம் போல,
மூன்றாம் வாயில் மெல்ல உறைத்தது.
நல்லாய்த்தான் இருந்தது.
நாளைக்கும் மறுநாளைக்கும் உரிய துண்டுகள்
எவை என்று
பிரித்துச் சொல்ல முடியாமல் போனது.

சுத்தமான கையின் சுண்டுவிரலால் பக்கம் திருப்பினேன்.
கொக்கோ புடிங்.
ஓரம் முழுக்க எழுதியிருப்பாள் என்று நினைத்தேன்.
நாலே சொல்:
இறுகவில்லை. எல்லோரும் கரண்டியோடு வந்தார்கள்.

திகதி இல்லை.
சீனி எப்போது வந்தது என்றும் இல்லை.

ஏழரைக்கு வெளிச்சம்.
மின்விசிறி சுற்ற, பக்கங்கள் தாமாகப் புரண்டு
கத்தரிக்காய் மோஜுவில் போய் நின்றன.
வினாகிரி கூட, என்று இருந்தது.