நீர்ப்பூட்டு

தலையை முதலில் நுழைப்பேன், பிறகு டார்ச்சை.
ஸிங்குக்குக் கீழே எல்லாரும் ஒரே குடும்பம்தான்:
ஜிக் புட்டி, தேய்ந்த கம்பி நார்,
கரண்ட் போகும் இரவுகளுக்கு ஒரு கட்டு மெழுகுவத்தி,
முக்கோணமாய் மடித்த பிளாஸ்டிக் பைகள்.

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட், எண் நாற்பத்தொன்று.
“உங்க அப்பா வரலையா?” என்றார் பூபாலன்.
அப்பா பேங்கில் வேலை பார்க்கிறார் என்றேன்.
“நாறுது. நாலு மாசமா. எலி செத்திருக்கும்.”

எலி இல்லை.
வளைகுழாயைத் திருகிக் கழற்றினேன்.
குளிர்ந்த தண்ணீர் என் முழங்கை வரை
ஓடியிருக்க வேண்டும்.
இரண்டு சொட்டு விழுந்தது.

பெரிய விஷயமில்லை நான் சொல்ல வருவது.
நாலு விரல் உயரத்துக்கு நீர்.
அது அந்த வளைவில் நகராமல் நிற்பதால்தான்
மெர்பேங்க் வரை ஓடும் சாக்கடை
உங்கள் சாம்பார்ச் சட்டியை எட்டிப் பார்ப்பதில்லை.
கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது,
நேற்று அரிசி களைந்த தண்ணீர்தான் காவல்.

அந்தக் காவலைக் குடித்தது யார்?

ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பத்துமூன்று.
தம்பி சத்தியசீலன்.
ஒரு பக்கி வண்டி விற்ற பணத்தில்
ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.
அவர் வீட்டுத் துவைக்கும் மெஷின் வாய் திறந்தால்
பொதுக்குழாயை அடைத்துக்கொண்டு
தண்ணீர் ஒரே கட்டியாக இறங்குகிறது.
இறங்கும் நீருக்குப் பின்னால் காற்று வேண்டும்.
காற்று இல்லையென்றால்
கிடைத்த இடத்தில் உறிஞ்சும்:
அண்ணன் வீட்டு வளைவில், களக், களக்.
அண்ணன் துவைத்தால் தம்பி வீட்டில்
அதே களக், களக்.

கூரை ஏறினேன்.
பழைய ஆஸ்பெஸ்டாஸை மாற்றிய யாரோ
காற்றுக்குழாயைத் தகட்டுக்குக் கீழே அறுத்து
வாயில் மயோனைஸ் மூடியை அமுக்கியிருந்தார்கள்.
யார் என்று இரண்டு வீட்டிலும் கேட்டேன்.
“அவன்தான்.”
“அவன்தான்.”

கூரை பொது. கையெழுத்து இரண்டு வேண்டும்.
பூபாலன் ஃப்ரிட்ஜின் மேல் வைத்துப் போட்டார்.
சத்தியசீலன் கேட் தூணில் வைத்து,
மேலே இருந்த பெயரை
மஞ்சள் பில்லில் கொஞ்சநேரம் படித்துவிட்டு.
அவர் ஸிங்குக்குக் கீழேயும்
முக்கோணமாய் மடித்த பைகள்.

இரண்டு வீட்டிலும் வளைவு நேரே தரைக்குள் போனது,
தன் நீரைத் தானே குடித்துவிடும் ரகம்.
அறுத்துப் போட்டேன்.
புதியது சுவருக்குள் கிடையாகப் போகும்,
மீட்டருக்கு ஒரு விரற்கடைக்குக் கொஞ்சம் கூடுதலாய்ச் சரிந்து.
மேலும் சரித்தால் சீக்கிரம் போகும் என்பார்கள்.
போகும்தான்,
வளைவில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு.

கூரைக்கு மேலே ஒரு முழம் நீட்டி நிறுத்தினேன்
வெள்ளைக் குழாயை.
நான் ஏணியில் இருக்கும்போதே
ஒரு குரங்கு வந்து உள்ளே பார்த்து,
முகம் சுளித்து,
பக்கத்து வீட்டு மாமரத்துக்குப் போய்விட்டது.
கம்பிவலை கட்டினேன்.

மூன்று வாரம் கழித்து போன்.
சத்தியசீலன்.
நாற்றமா என்றேன். இல்லை.
ஒழுகுதா? இல்லை.
“சத்தமே இல்ல.”
நல்லதுதானே.
“ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு மெஷின் போடுவான்.
களக்குன்னு கேக்கும்.
சரி, எழுந்துட்டான்னு நெனப்பேன்.
போன மாசம் அவனுக்கு நெஞ்சுவலி,
ஆஸ்பத்திரின்னு யாரோ சொன்னாங்க.”

என்னிடம் ஐம்பது மில்லிமீட்டர் முழங்கைகள் இருந்தன,
ரப்பர் வளையங்கள், பசை, இரண்டு வகை ரம்பம்.
ஒரு வருஷ வாரண்டி என்றேன், வேறென்ன சொல்ல.

அவர் போனை வைக்கவில்லை.
குழாயைத் திறந்தார்போல.
ஸிங்க் நிறைந்திருக்கும்,
தக்கையை இழுத்திருப்பார்.
இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
நான் சரியாகச் செய்திருந்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.