சுண்டுவிரல்

ரோஸ்னா கொண்டுவந்து வைத்த பேரேட்டில்
என் தாத்தா இறந்துபோயிருந்தார்.
ஜெரெஜாக் தீவில், இறங்கிய ஆறாம் நாள், காய்ச்சலில்,
என் அப்பா பிறப்பதற்குப் பதினேழு வருடம் முன்பு.

எழுதியவன் பெயரை மூன்று விதமாய்க் கடித்திருந்தான்:
மூட்டிரலாண்டி, முத்ரலண்டி,
அவசரத்தில் ஓரிடத்தில் வெறும் மூட்டி.
முத்திருளாண்டி.
தம்பிக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்.
பிரிஸ்பேனில் அவனை 'ஆண்டி' என்கிறார்கள்,
அவனும் மறுப்பதில்லை.

கப்பல் பட்டியலையும் பார்த்தேன்.
வயது முப்பத்தொன்று. ஐந்தடி ஆறங்குலம். கமுதிப் பக்கம்.
அடையாளம்: இடக்கையில் சுண்டுவிரல் இல்லை.

கைப்பையிலிருந்து படத்தை எடுத்தேன்.
பினாங்கு வீதி ஸ்டூடியோவில்
யாருடைய சைக்கிளையோ பிடித்துக்கொண்டு நிற்கிறார்,
மீசை முளைத்தும் முளைக்காத பையன்.
ஹேண்டில்பார்மேல் இடக்கை.
எண்ணினேன்.
ரோஸ்னாவிடம் பூதக்கண்ணாடி வாங்கி மறுபடி எண்ணினேன்.
ஐந்து.

அப்புறம் துறைமுகக் கூலிக் கணக்கு.
தீவில் புதைத்து இருபத்திரண்டு நாள் கழித்து
அதே முத்திருளாண்டி, அதே டிக்கெட் எண்,
கரி சுமந்து ஐம்பது காசு வாங்கியிருக்கிறார்.
கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்.
மை கூடிப்போய் ரேகையெல்லாம் கலங்கிக் கிடக்கிறது.

அப்பா சொல்வதுண்டு,
பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் உடனே திரும்பமாட்டார்,
இரண்டாம் தடவைதான் என்று.
கப்பல் சங்கு காதைத் தின்றுவிட்டதாக நம்பினோம்.
கொடியில் காயும் துணிமேல் முதல் துளி விழுந்தால்
உள்ளேயிருந்து ஓடிவருகிற காது அது.

மணியார்டர் ரசீதுகள் வீட்டில் இருக்கின்றன,
பிஸ்கட் டின்னில், நாற்பத்தொன்று வரைக்கும்.
மாதம் ஐந்து ரூபாய், சோலையம்மாள், கமுதி வழி.
ஊரில் விட்டுவந்தவள் என்று பெரிய சண்டை,
சட்டி உடைந்ததாம்.
அவர் இல்லையென்று சொல்லவில்லை.
ஆமாம் என்றும் சொல்லவில்லை.

இப்போதுதான் எனக்குக் கணக்கு வருகிறது:
செத்தவன் பெயரில் பணம் போய்க்கொண்டிருந்தவரை
அங்கே ஒருத்தி பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.
பாவத்துக்குப் பயந்தா, பாசத்திலா, எனக்குத் தெரியவில்லை.
பெயருக்குக் கட்டிய வாடகை என்பான் தம்பி,
அவன் வீட்டுக்கடன் கொடுக்கிற வேலையில் இருப்பவன்.
ஜப்பான்காரன் வந்தான். தபால் நின்றது.
பிறகு அவள் என்ன நினைத்தாளோ.

நகல் வேண்டுமானால் பாரம் நிரப்ப வேண்டும்.
பெயர், மைகார்டு எண், முகவரி.
நான்காவது கட்டம் ஹுபுங்ஙான்:
இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?
பேனா அங்கேயே நின்றுவிட்டது.
ரோஸ்னா எட்டிப் பார்த்து,
"சூச்சு என்று போடுங்கள் காக், யார் வந்து கேட்கப்போகிறார்கள்."
பேத்தி என்று எழுதினேன்.
முழுப் பொய் இல்லை.
அவர் பெயரில் வாங்கிய அரிசியில்
மூன்று தலைமுறை தின்றிருக்கிறோம்.

பட்டியலின் கடைசித் தாளில்
அதே கப்பலில் வந்து ஓடிப்போனவர்கள் பதினொரு பேர்.
அதில் ஒருவர் என் தாத்தாவாக இருக்கலாம்.
இல்லாமலும் போகலாம்.

மாலை, பாலத்தில் வண்டிகள் நகரவில்லை.
வலப்பக்கம் ஜெரெஜாக், மழைக்கு முந்திய கறுப்பில்.
கண்ணாடியை இறக்கிவிட்டு
நகலை ஸ்டியரிங்மேல் விரித்துக் கூப்பிடுகிறேன்.
குப்பாண்டி.
சேவுகன்.
மொட்டையன்.
வெள்ளைக்கண்ணு.
ஒவ்வொரு பெயரையும் ஒரே ஒரு தடவை.

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள்.