வீட்டை ஒப்படைத்தல்

பேர்ன் நகரில் விடிகாலை மூன்று மணிக்கு
விழித்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்:
லெங்காஸ்ஸே மூலையில் ரொட்டி சுடும் ஆம்ஷ்டுட்ஸ்,
தெருக்கூட்டும் மஞ்சள் வண்டிக்காரர்,
முப்பத்தேழு பாகைச் சூட்டில்
ஆம்ஷ்டுட்ஸின் ரத்தத்தை வைத்துக்கொண்டு நான்.

குழாயில் பெயர் இல்லை, நாற்பத்தொன்று என்ற எண்தான்.
ஆனால் கையெழுத்துப் போட்ட அன்றே
கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

அவருக்கு மூச்சு இழுக்கும்.
மாவுத்தூசு என்றார்கள். பிறகு பூனை என்றார்கள்.
பூனையை மைத்துனிக்குக் கொடுத்த பிறகும் இழுத்தது.
அவர் சளியில் சாகாமல் நிற்கின்றன
ரோஜாச் சாயம் குடிக்கும் வெள்ளணுக்கள்,
இரண்டாகப் பிரிந்த கருவுடன்,
ஊதா மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி.

உயிர் தானாக எரியும், எதுவோ வந்து அணைக்கும்
என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.
இவை அப்படியில்லை.
எலும்பு மஜ்ஜையை விட்டு இறங்கும்போதே
போவதற்கு மூட்டையோடுதான் இறங்குகின்றன.
"இன்னும் இரு" என்று யாராவது
சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.
சொல்வதை நிறுத்தினால் கிளம்பிவிடும்.

அந்தச் சொல் ஒரு புரதம்.
பெயர் வைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை:
இன்டர்லூகின் ஐந்து.
ஏற்பியில் வந்து அது உட்கார்ந்ததும்
உள்ளே ஒருவர் அடுத்தவர் தோளைத் தட்டுவார்,
அவர் அடுத்தவரை, அவர் அடுத்தவரை,
கடைசியில் மைட்டோகாண்ட்ரியா வாசலில்
தூங்கி வழியும் ஒரு காவல் புரதம்
திடுக்கிட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் தட்டில் அந்தச் சொல்லைச் சொட்டினேன்.
இரண்டாவதில் வெறும் கரைசல்.

போன அக்டோபரில் ப்யூம்ப்ளிட்ஸ் வீட்டைக் காலி செய்தோம்.
ஆணி ஓட்டைகளுக்கு வெள்ளைப் பசை,
அடுப்பின் உள்தகடு,
குழாயில் சுண்ணாம்புக் கறை, அதற்கு வினிகர்,
ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பு (அதை யார் பார்ப்பார்கள்?
திருமதி ஷ்டெட்லர் பார்த்தார்).
கதவின் தலையில் விரலால் தடவி
அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான்
சாவிக்குக் கை நீட்டினார்.

இரண்டாம் தட்டிலும் அதுதான் நடக்கிறது.
சுருங்குகிறது. கருவைத் துண்டு துண்டாக
மடித்து வைக்கிறது.
உள்ளிருக்கும் நஞ்சு ஒரு துளி சிந்தாமல்
பொட்டலம் கட்டுகிறது.
பிறகு உள்சட்டையை வெளியே திருப்பிப் போட்டுக்கொள்கிறது,
வரலாம், எடுத்துப் போகலாம் என்று அர்த்தம்.
அந்தச் சட்டையில்தான் என் பச்சைச் சாயம் ஒட்டும்.
உடம்புக்குள் என்றால் பெருவிழுங்கிகள் வந்து
சாவி வாங்கிக்கொள்ளும்.
யாருக்கும் காய்ச்சல் வராது.

முதல் தட்டு மூன்றாம் நாளும் கொழுகொழுவென்று.
முன்பென்றால் சந்தோஷப்பட்டிருப்பேன்,
என் கையால் ஒன்று பிழைத்ததென்று.
இப்போது ஆம்ஷ்டுட்ஸின் மூச்சுக்குழல் கண்ணில் வருகிறது:
போக மறந்தவர்கள் நெரியும் கூடம்,
இரு, இரு என்று ஓயாத உபசரிப்பு,
சுவரெல்லாம் புண்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
மருந்து மட்டும் இங்கே
நான்கு வாரத்துக்கு ஒருமுறை, தோலுக்கடியில்.
அது எந்த அணுவையும் தொடுவதில்லை.
சொல்லை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது.
மற்றதை அணுக்கள் பார்த்துக்கொள்கின்றன,
அவற்றுக்குத் தெரிந்த வேலைதான்.

இன்று முதல் தட்டையும் கழுவ வேண்டும்.
மூன்று முறை, சொல் ஒட்டியிருக்காதபடி.
கழுவினேன். மூன்றாவது முறை
கை ஏனோ மெதுவாகப் போனது.
மூடியில் நேரம் எழுதினேன்: 3.40.

ஆறு மணிக்குக் கடையில் வரிசை.
நிலவறையிலிருந்து மாவு மூட்டையோடு ஏறி வந்த ஆம்ஷ்டுட்ஸ்
மூட்டையை இறக்காமலே சொன்னார்:
"பதினாறு படி. நடுவில் நிற்கவில்லை."
பின்னால் நின்றவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
எனக்கு ஒரு ரொட்டி, நறுக்க வேண்டாம் என்றேன்.