வில்லாபுரம், குழாய்த் தண்ணீர், 65 புள்ளிகள்

மகனின் ப்ராக்டிகல் நோட்டில் மிச்சமிருந்த
வரைபடத் தாளைக் கிழித்துத்தான் தொடங்கினேன்.
கிடையாக நாள். நெடுக்காக மணி.
ஒரு மில்லிமீட்டருக்கு ஆறு நிமிடம்.
குழாய் உறுமி, இருமி,
முதல் தண்ணீர் குடத்தில் விழும்போது
ஒரு புள்ளி.

விளக்குத்தூண் பக்கம் எவர்சில்வர் கடையில்
பதினாறு வருஷமாகப் பேரேடு எழுதுகிறவள் நான்.
"தண்ணி லேட்டா வருது சார்" என்று போய் நின்றதற்கு
உதவிப் பொறியாளர் கேட்டார்:
எவ்வளவு லேட்டு? என்னைக்கு என்னைக்கு?
நியாயமான கேள்வி. அதனால்தான் தாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்.
நூற்று முப்பது நாளில் அறுபத்தைந்து புள்ளி.
கை தவறிக் கொட்டிய கடுகு மாதிரி கிடந்தது.
பக்கத்து வீட்டு ஜைத்தூன் எட்டிப் பார்த்து,
"இதுக்கு நீ கோலமே போட்டிருக்கலாம்."

கடையில் பற்று வரவைத் தேதிவாரியாகப் பார்த்தால்
ஒன்றும் பிடிபடாது.
ஆள்வாரியாகப் பிரித்தால்
யார் இழுத்தடிக்கிறான் என்று தெரிந்துவிடும்.
அன்று ராத்திரி புதுத் தாள் எடுத்தேன்.
நாள்களை வரிசையில் ஓடவிடாமல்
கிழமைகளில் அடுக்கினேன். ஏழு நிரல்.

ஐந்து நிரல்களில் புள்ளிகள்
ஏழரையைச் சுற்றிக் குந்தியிருந்தன.
செவ்வாயும் வெள்ளியும்,
அடியில் தங்கிவிட்ட இரண்டொன்றைத் தவிர,
ஒன்பதரைக்கு மேலே ஏறி நின்றன
வெள்ளத்துக்கு மேடேறிய ஆடுகளாக.

தெருவில் காரணத்துக்குப் பஞ்சமில்லை.
அன்றைக்கு எல்லோரும் வீடு கழுவுகிறார்கள், தொட்டி இறங்கிவிடுகிறது.
அன்றைக்குத்தான் லாரிக்கு விற்கிறான்.
அன்றைக்கு மோட்டாருக்குக் கரண்ட் பத்தாது.
எல்லாமே தாளுக்குப் பொருந்தின.
அதுதான் எனக்கு உறுத்தியது.

ஒரு வெள்ளிக்கிழமை
வால்வுக் குழி பக்கம் போய் நின்றேன்.
ஒன்பதேகாலுக்குக் கொஞ்சம் முன்னால்
ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார் ஒச்சப்பன்.
இடது கையை மடக்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு
வலது கையால் மட்டும் சாவியைத் திருகினார்.
இரண்டு கை வேலை அது.

"பெரியாஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்றாங்கம்மா.
செவ்வா, வெள்ளி. நாலு மணி நேரம்.
அங்கயும் பைப்புதான், ஃபில்டர்தான்.
ஆபீசுல சொல்லலை.
தொட்டுப் பாருங்க."
முழங்கை மடிப்பில், கட்டுக்கு மேலே,
புடைத்த நரம்பில் இரண்டு விரலை வைத்தேன்.
தண்ணீர் வருவதற்கு முந்தி
எங்கள் வீட்டுக் குழாயில் ஓடும் அதே உறுமல்.

கைப்பையிலிருந்து தாளை எடுத்தது ஏனென்று தெரியவில்லை.
செல்போன் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார்.
"தப்பும்மா. நான் திறக்கிறது ஒம்பதேகால்.
உங்க வீடு கடைசி. ஓடிவர இருபது நிமிசம்.
அதையும் எம்மேல ஏத்திட்டீங்க."
எனக்கு முகம் சுண்டிப்போனது.
பிறகு செவ்வாய் நிரலின் அடியில்
தனியாகக் கிடந்த இரண்டு புள்ளியில் விரலை வைத்தார்.
"இது வரைக்கும் கிட்னி வேலை செஞ்சது."

மனு எழுதியாகிவிட்டது.
தாளை இணைத்தால் அவருக்கு மெமோ.
இரண்டு நிரலை வெட்டிவிட்டு இணைத்தால்
மனுவே எதற்கு?
தவிர, பதினாறு வருஷத்தில்
நான் ஒரு பத்தியையும் மறைத்ததில்லை.

"என்னடி ஆச்சு மனு?" என்கிறாள் ஜைத்தூன்.
"புள்ளி இன்னும் பத்தலை" என்கிறேன்.

இன்றைக்குச் செவ்வாய்.
மணி ஒன்பது இருபத்தெட்டு.
பென்சில் காதில்.
குழாயின் மேல் இரண்டு விரலை வைத்து
உட்கார்ந்திருக்கிறேன்.