ஒன்றும் நடக்காத காலை

என் பறப்புக் குறிப்பேட்டின் பதினேழாம் பக்கத்தில்
நாற்பத்தொரு மணிநேரம் இருக்கிறது.
எந்த வானமும் அதைப் பார்த்ததில்லை.
தாம்சனில், வாடகை அறையின் அடுப்படியில்,
நூடுல்ஸ் கொதிக்கும் நேரத்தில் பறந்தவை அவை.
வெவ்வேறு நாளென்று தோன்ற
மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எடுத்தேன்.
யாரும் கேட்கப்போவதில்லை,
ஆனாலும் காற்றின் திசையைக்கூட எழுதினேன்.

இருபத்து நான்கு வயது.
வங்கிக்கு எண்பதாயிரம் டாலர் கடன்.
இரண்டு குளிர்காலம் சரக்கு ஏற்றினேன்:
டயப்பர், உறைந்த கோழிக்கால், ஸ்னோமொபைல் உதிரி,
ஒருமுறை ஒரு சிறிய சவப்பெட்டி.
இறக்கைக்குக் கீழே நின்றபடியே
இறக்கைக்காகக் காத்திருந்தேன்.

வலப்பக்க இருக்கை வெண்டெல் ஓக்கிமாவுடையது.
ஏரிக்கு அப்பால் தீவுக் குடியிருப்பில் பிறந்தவன்;
நாங்கள் பறந்துபோகும் ஊர் அவன் ஊர்.
அந்த ஜனவரிக் காலையில்
இறக்கைமேல் பனி உப்புத்தாளாய் ஒட்டியிருந்தது.
கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தான்.
"நான் வரவில்லை" என்றான்.
அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.
முதலாளி லைல் புரூடன் என் பக்கம் திரும்பினார்,
எதுவும் கேட்காமல்.
துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு
ஏறினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

சற்றே குலுங்கியிருந்தால் போதும்,
பயமாவது மிஞ்சியிருக்கும்.
ஒன்பது பேர் இறங்கி நன்றி சொன்னார்கள்.
ஒருத்தி வெண்டெலின் அக்கா.
தம்பி ஏன் வரவில்லை என்று கேட்டாள்.
காய்ச்சல் என்றேன்.

பிறகெல்லாம் கை பழகிய வேலை.
பழுதை ஏட்டில் ஏற்றாமல் வாய்ச்சொல்லாய் விடுவது.
பதினாறு மணிநேரப் பணியைப் பதினான்காய் மடிப்பது.
"தூக்கமெல்லாம் எப்படி?" மருத்துவர் கேட்பார்.
"அடித்துப் போட்டாற்போல்" என்பேன்.
உண்மையைச் சொன்னால் உரிமம் என்னாகுமோ!
கெரிட் தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிய இரவில்
நான் கால்கரியில்,
உறங்குவதற்கென்று தந்த ஓட்டல் அறையில்
கூரையின் தீயணைப்புக் குமிழை
விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
மறுநாள் தரையிறக்கம் மெத்தென்று இருந்ததாம்.
பயணிகள் கைதட்டினார்கள்.

இப்போது தோளில் நான்கு பட்டை.
வின்னிபெக். பனிநீக்கும் மேடைக்கு வரிசை,
எங்களுக்கு முன்னால் ஏழு விமானங்கள்.
பின்னால் குழந்தை அழுகிறது, யாரோ நேரம் கேட்கிறார்.
பக்கத்தில் ஆன்செல்ம், வேலைக்கு வந்து மூன்று வாரம்.
"சுத்தமாகத்தான் தெரிகிறது, கேப்டன்."
என் மனதில் இருப்பதைத் தான் சொல்லிவிட்டதாக
நினைக்கிறான்.
தப்பாகவும் நினைக்கவில்லை.

"காத்திருப்போம்."

அவன் தலை மெல்ல அசைகிறது,
ஒரு நேர்மையானவளிடம் வேலைக்கு வந்துவிட்டோம் என்று.
நான் திருத்தவில்லை.
இதையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஓடுபாதையோரம் மஞ்சள் விளக்கு சுழல
பனி தள்ளும் வண்டிகள்.
அவற்றுள் ஒன்றை வெண்டெல் ஓட்டுவதாகக் கேள்வி.
எதை என்று தெரியாது.
ஒவ்வொரு வண்டி எதிர்ப்படும்போதும்
முன்விளக்கைத் தணிக்கிறேன்.